சோம்பு வாடையும் மூன்றாவது வரியும்

1

ஸ்ரீவில்லிபுத்தூர் சபையாருக்கும், இந்தப் பத்திரிகையை இராஜபாளையம், வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் பக்கம் கைமாற்றி வாசிக்கிறவர்களுக்கும், பினாங்கிலிருந்து ஞானமுத்து எழுதுகிறது. கர்த்தருடைய கிருபையால் நானும் ரெபேக்காளும் மகள் கிரேசும் சுகமாயிருக்கிறோம். இங்கே மழை மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கிறதில்லை.

எங்கள் தமிழ்ச் சபையில் போன வாரம் உடன்படிக்கை நாள். லெந்து என்கிற தபசு நாட்களின் நடுவில் வருகிற சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் எழுந்து நின்று மூன்று வரி சொல்லி அட்டையில் கையெழுத்துப் போடுவோம். மதுவைத் தொடேன். மதுவை ருசியேன். மது விற்கிற வாசலை மிதியேன். அந்த மூன்றாவது வரி நம்ம ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் சேர்த்தது. வேறு ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது என்று கப்பல் ஏறி இங்கே வந்த பொறவுதான் எனக்குத் தெரிந்தது. நான்தான் மனப்பாடமாகக் கொண்டுவந்து இந்தச் சபைக்கு எழுதிக்கொடுத்தேன். பதினோரு வருஷம் நானே முன்னால் நின்று வாசித்தேன்.

ஏன் என்னை வாசிக்கச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கள்ளுக்கடைக்குள்ளிருந்து பெற்ற தகப்பனே கூப்பிட்டும் வாசல் மிதியாமல் நின்ற வாலிபன் என்று நம்ம சபையிலிருந்து எனக்குக் கொடுத்தனுப்பிய காகிதத்தில் எழுதியிருந்தது. பிரசங்கங்களிலும் இன்றுவரை அந்தக் கதை சொல்லப்படுகிறதாம்.

இந்த வருஷம் நான் வாசிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் நான் ஒரு ஹோட்டல் பாருக்குள் போனதாக ஊரில் பேச்சு வந்திருக்கிறதென்று என் மைத்துனர் கேட்டு எழுதியிருந்தார். போனது மெய். ஏன் போனேன் என்பதை என் கையாலேயே எழுதிவிடுகிறேன். கூடவே அந்தக் கள்ளுக்கடைக் கதையில் விட்டுப்போனதையும் எழுதவேண்டும். இருபத்து நாலு வருஷமாக நீங்கள் அதை அரைகுறையாகச் சொல்லிவருகிறீர்கள். நான்தான் சொல்ல விட்டேன்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு வெள்ளைக்காரர் புத்தகக் கடையில். ஈரக்காற்றுக்கு அட்டைகளில் பூஞ்சணம் பூத்துவிடும். காலையில் அதைத் துணியால் துடைப்பது முதல் வேலை. போன வருஷம் பெரிய துரை சீமைக்கு லீவில் போயிருந்தார். அவர் இடத்தில் சின்னத் துரை இருந்தார்.

ரப்பர் விலை விழுந்து எழுந்த பொறவு தோட்டத்துத் துரைமார் வீடுகளில் விருந்து கூடிவிட்டது. நாலைந்து மதுவை ஒன்றாகக் கலந்து, ஐஸ் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக் கொடுப்பது இப்போது மோஸ்தர். அதைச் சொல்லிக்கொடுக்கப் புத்தகங்களே அச்சாகின்றன. சின்னத் துரை பத்துப் புத்தகத்தை வகைக்கு நாலு பிரதியாக மாதிரிக்கு வரவழைத்தார்.

பார்சல் கப்பலில் வந்து சேர்ந்தது, கைக்கு வரவில்லை. பட்டியல் எழுதினவர் புத்தகத்தின் பெயரைப் பார்த்து 'மது வகை' என்று எழுதிவிட்டதால் சுங்கத்தில் அதைச் சாராயக் கிட்டங்கியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மூன்று நாள் மூன்று மேசை ஏறி இறங்கினேன். ஒரு அதிகாரி எத்தனை பாட்டில் என்று கேட்டார். காகிதம்தான் ஐயா என்றேன். காகிதம் என்பதற்குக் காகிதம் கொண்டுவா என்றார். கடைசியில் கட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து நின்றபடியே நாலு பக்கம் வாசித்து, எதையோ துண்டுச் சீட்டில் குறித்துப் பையில் வைத்துக்கொண்டு, பொறவு முத்திரை குத்தினார்.

கடைக்குக் கொண்டுவந்ததும் சின்னத் துரை பத்தையும் என் மேசைக்கே தள்ளினார். பாரில் தொழில் செய்கிறவர்களுக்கு ஒன்று, வீட்டில் ஆசைக்குக் கலக்கிக் குடிக்கிறவர்களுக்கு ஒன்று, ஆக இரண்டைப் பொறுக்கு, மற்ற எட்டையும் அடுத்த கப்பலில் திருப்பிவிடலாம் என்றார். நான் வாழ்நாளில் மது தொட்டவன் இல்லை என்றேன். அதனால்தான் உன்னிடம் தருகிறேன், குடிக்கிறவனிடம் கொடுத்தால் பத்தும் நல்ல புத்தகம் என்பான் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும், தேர்வு தப்பானால் பெரிய துரைக்குப் போகிற கடிதத்தில் என் பெயரும் போகும் என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ரெபேக்காளிடம் இது பாவமா என்று கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தொர உங்களக் குடிக்கவா சொன்னாரு? படிக்கத்தான சொன்னாரு. படிச்சுத் தொலைங்க. அதுக்காகச் சோத்த ஆற வைக்காதீக."

3

ருசி அறியாதவன் எதைப் பார்த்து எடுக்கிறது? எனக்குத் தெரிந்தது சோற்றுச் சமையல் மட்டும்தான். நம்ம ஊரில் கல்யாணத்துக்கு வருகிற சமையல்காரரிடம் பட்டியல் கேட்டால் சாமானும் எடையும் மட்டும் சொல்வார். எப்படிச் செய்வது என்று கேட்டால் முழிப்பார். அது அவர் கையில் இருக்கிறது, வாயில் இல்லை. ரெபேக்காள் கல்யாணமாகி வரும்போது அவள் அம்மை எழுதிக்கொடுத்த நோட்டு வேறு மாதிரி. 'முதலில் சட்டியைக் கழுவவும்' என்றுதான் அது தொடங்கும். தொழில்காரருக்கு ஒரு புத்தகம், வீட்டுக்கு ஒரு புத்தகம் என்றால் இந்த இரண்டும்தானே என்று பிடித்துக்கொண்டேன்.

பத்தில் நாலு வெறும் படமும் பரிகாசப் பேச்சும். அவற்றை ஒதுக்கினேன். மற்ற ஆறிலும் கேட்கிற பாட்டில்கள் பினாங்கில் கிடைக்குமா என்று பார்க்கவேண்டியிருந்தது. சீன முதலாளி ஒருவருடைய சரக்குக் கடைக்குப் பட்டியலோடு போனேன். அது மது விற்கிற வாசல். ஆகையால் நடைபாதையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு பெயராகச் சத்தம்போட்டுக் கேட்டேன். அவர் உள்ளே இருந்தபடியே உண்டு, இல்லை என்று பதில் கொடுத்தார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மழைக்கு உள்ளே வாரும் என்று முதலாளி இரண்டு தரம் கூப்பிட்டார். நான் போகவில்லை.

கிடைக்காத சரக்கைக் கேட்ட இரண்டு புத்தகம் போயிற்று. மிச்சம் நாலில் சிவப்பு அட்டைப் புத்தகத்தைத் தொழில்காரர்களுக்கு எடுத்தேன். சட்டைப் பைக்குள் அடங்கும். நூல் வைத்துத் தைத்திருந்ததால் திறந்து வைத்தால் மூடிக்கொள்ளாது. ஈரக்கை பட்டாலும் அட்டை ஊறாது. பானத்தின் பெயரைக் கொண்டும் தேடலாம், மதுவின் பெயரைக் கொண்டும் தேடலாம். வீண் பேச்சு ஒரு வரி இல்லை. முதலிலிருந்து கடைசிவரை அதை வாசித்தேன்.

பச்சை அட்டைப் புத்தகத்தை வீடுகளுக்கு எடுத்தேன். சாமான்கள், கண்ணாடி வகைகள், ஒரு சரக்கு இல்லாவிட்டால் எதைப் போடுவது, ஆறு பேருக்கு எவ்வளவு, கடைசியில் மது சேராத எலுமிச்சம்பழப் பானங்கள் என்று எல்லாம் இருந்தன. நாள் முடிந்துவிட்டதால் இதைத் தலைப்பு மட்டும் பார்த்தேன். அந்தச் சோம்பலுக்குப் பொறவு நன்றாக அனுபவித்தேன்.

சிவப்புப் புத்தகத்தின்மேல் வைக்கத் துரை ஒரு சீட்டு எழுதச் சொன்னார். 'தொழில் செய்கிறவர்களுக்கு இது ஒன்றே போதும்' என்று எழுதி வைத்தேன்.

4

அந்தச் சீட்டை நம்பி முதல் புத்தகத்தை வாங்கினவர் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் புது மானேஜர். நாலாம் நாள் அந்தப் புத்தகம் அந்தோணியின் இடுப்பில் ஏறி என்னைத் தேடி வந்தது.

அந்தோணி இராஜபாளையத்துப் பையன். பையன் என்றாலும் முப்பது வயது ஆகிறது. ஆர்.சி.காரன். ஊரில் பருத்தி அரைவைக்குப் போய்க்கொண்டிருந்தவன், இங்கே ஹோட்டலில் தட்டு எடுத்து, பொறவு பாரில் நிற்க வந்தான். இந்த ஊரில் அந்த வேலை எல்லாம் ஹைனான் சீனர்கள் கையில் இருக்கிறது. அதில் நம்மாள் ஒருத்தன் நுழைந்ததே பெரிசு. பீர், விஸ்கி சோடா, இங்குள்ள கசப்பு ஜின் இவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். ஊரில் பெண்சாதிக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அவன் இன்னும் முகம் பார்க்காத குழந்தை.

புது மானேஜர் சிவப்புப் புத்தகத்தில் ஆறு பானத்துக்குப் பென்சில் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அவர் வந்து உட்காருவார். அந்தோணி ஆறையும் கலந்து கொடுக்கவேண்டும். சரியாக வந்தால் வேலை நிரந்தரம், தங்க இரண்டு அறை, பெண்சாதியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். வராவிட்டால் சிங்கப்பூரிலிருந்து வேறு ஆள் வருகிறான், இவன் திங்கட்கிழமைக் கப்பலில் ஊருக்குப் போகவேண்டியது.

"அண்ணாச்சி, இத நீங்கதான் பொறுக்கி எடுத்தீகளாமே. எனக்கு இங்கிலீசு வாயில ஓடும், கண்ணுல ஓடாது. நீங்களே படிச்சுச் சொல்லிருங்க."

நான் யோசித்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தொடமாட்டேன், குடிக்கமாட்டேன்னுதான ஒங்க வாக்கு. வாசிக்கமாட்டேன்னு இல்லியே. ஒங்க வாத்தியாரு எழுதும்போது அத விட்டுட்டாரு பாத்தீகளா."

அவனுக்கு மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை ஓய்வு. எனக்கும் அப்போது சாப்பாட்டு வேளை உண்டு. கடற்கரைக் கல்சுவரில் உட்கார்ந்து நான் வாசித்துத் தமிழில் தாளில் எழுதுவேன். அவன் ஆறின தேயிலைத் தண்ணீரைச் சோடா பாட்டில்களில் கொண்டுவந்து அளந்து ஊற்றிக் குலுக்கிப் பழகுவான். நிஜச் சரக்கைப் பழக்கத்துக்கு எடுக்க ஹோட்டலில் விடமாட்டார்கள். விட்டாலும் அவன் ருசி பார்க்கிறவன் இல்லை. பிரசவம் நல்லபடியாக ஆனதற்கு மாதாவுக்கு நேர்ந்துகொண்டு ஒரு வருஷம் வாயில் வைக்கிறதில்லை என்று இருந்தான்.

"பாருக்கு உள்ள நிக்கிறவனும் குடிக்கல, வெளிய நிக்கிறவனும் குடிக்கல. பொறவு யாருக்குலே இம்புட்டுப் பாட்டில்?" என்றேன்.

"அதான் கர்த்தர் தொரமாரப் படைச்சிருக்காருல்ல" என்றான்.

மூன்று பானம் சுலபமாக எழுதி முடிந்தது. மற்ற மூன்றிலும் ஒரு பச்சை நிற மது வந்தது. அதற்குப் புத்தகம் போட்டிருந்த அளவு ஒரு டேஷ். டேஷ் என்றால் எவ்வளவு என்று எங்கும் சொல்லவில்லை. தொழில்காரருக்கு எழுதினதல்லவா. அவனிடம் அந்தச் சரக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"மூடியத் தொறந்தா சோம்பு வாடை அண்ணாச்சி. பிள்ளைக்கு வயித்து நோவுக்குக் குடுப்போம்லா, சோம்புத் தண்ணி, அதே வாடை."

அதைக் கேட்டதும் என் மனசில் அளவு விழுந்துவிட்டது. நம்ம பக்கத்தில் பிள்ளைக்குச் சோம்புத் தண்ணீர் எவ்வளவு கொடுப்போம்? ஒரு சங்கு. 'சோம்பு மது – ஒரு சங்கு' என்று மூன்று இடத்தில் எழுதினேன். அவனுக்கும் அது பொருத்தமாகவே பட்டது. பிள்ளைக்குப் பால் புகட்ட ஊருக்கு அனுப்பவேண்டுமென்று ஒரு பித்தளைச் சங்கு வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தான். மறுநாள் அதையே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். தேயிலைத் தண்ணீரைச் சங்கில் அளந்து ஊற்றினான். நிறம் நன்றாகவே இருந்தது. பார்த்து மெச்சிக்கொண்டோம்.

5

சனிக்கிழமை வந்தது. சபையிலும் அன்று ஆறரைக்குத்தான் உடன்படிக்கைக் கூட்டம். கூட்டம் முடிந்து அறுபது பேருக்கு எலுமிச்சம்பழப் பானம் கொடுப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. பச்சைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் ஞாபகம் வந்து, துரையிடம் கேட்டு ஒரு பிரதி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

கிரேசுக்குப் பதினாலு வயது. இங்கிலீஷ் கான்வென்டில் படிக்கிறாள். கனவில்கூட இங்கிலீஷிலும் மலாயிலும்தான் பேசுகிறாள். தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். நம்ம ஊர்க் கோபுரத்தைக் காலண்டரில் பார்த்துவிட்டு இது எந்த ஊர் என்று என்னையே கேட்டவள். நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் புத்தகத்தின் முதல் பக்கங்களைப் புரட்டி என் உச்சரிப்பில் வாசித்துக் காட்டி அம்மையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுல அளவுக்கெல்லாம் ஒரு பட்டியல் இருக்கு. டேஷ்னா ஆறு சொட்டாம். அதத் தாண்டுனா மத்த ருசி எல்லாம் செத்துப்போகுமாம்."

எந்த டேஷ் என்று கேட்டேன். எல்லா டேஷும்தான் என்றாள்.

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆறு சொட்டு என்றுதான் போட்டிருந்தது. பட்டியலுக்குக் கீழே, சோம்பு வாடையுள்ள மதுவில் இன்னும் கவனம் வேண்டும் என்று தனியாக ஒரு வரி. சட்டியைக் கழுவவும் என்று தொடங்குகிற புத்தகத்தில்தான் அது இருந்தது. தொழில்காரருக்கு இது ஒன்றே போதும் என்று நான் சீட்டு எழுதிய புத்தகத்தில் இல்லை. ஒரு சங்கு என்பது எத்தனை நூறு சொட்டு? மணி ஆறு.

"கோயிலுக்கு இன்னும் நேரம் கெடக்குல்லா, எங்க ஓடுதீக?" என்றாள் ரெபேக்காள். அந்தோணிக்குத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்ட்டி என்று மட்டும் சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினேன்.

ஹோட்டலின் முன்வாசலில் நம்மைப்போன்றவர்கள் ஏறமுடியாது. பின்னால் சமையல்கட்டு வழியாகப் போனேன். அங்கிருந்து ஒரு நடை, நடையின் கடைசியில் நெஞ்சு உயரத்துக்கு ஆடுகிற கதவு. அதற்கு அந்தப் பக்கம் பார். மணி ஆறு இருபத்தைந்து. கதவுக்கு மேலே பார்த்தால் அந்தோணியின் முதுகு தெரிந்தது. மானேஜர் முன்னமே வந்து உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணாடி குடித்து வைத்திருந்தது.

என் காலணி கதவுக்கு இந்தப் பக்கமே நின்றது. துண்டுத் தாளில் 'சங்கு அல்ல, ஆறு சொட்டு' என்று எழுதி, தட்டு எடுத்துப்போன ஹைனான் பணியாளிடம் கொடுத்தேன். அவன் உள்ளே போய் அப்படியே திரும்பிவந்தான். சோதனை முடிகிறவரை யாரும் கிட்டே வரக்கூடாது என்று மானேஜர் சொல்லிவிட்டார் என்றான். கதவுக்கு மேலே தலையை நீட்டி "அந்தோணி" என்று கூப்பிட்டேன். உள்ளே ஐஸ் குலுக்குகிற சத்தம். இன்னொரு தரம் கூப்பிட்டேன். அவன் மூன்றாவது கண்ணாடியைக் குலுக்கி முடித்து ஊற்றினான். அந்த மூன்றில் சோம்பு இல்லை. நாலாவதிலிருந்துதான் இருக்கிறது.

அவன் பச்சைப் பாட்டிலின் மூடியைத் திருகினான். வெள்ளைத் துணிமேல் அந்தப் பித்தளைச் சங்கு மின்னிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பிடித்து அதற்குள் ஊற்ற ஆரம்பித்தான். அந்த வாடை நடைவரைக்கும் வந்தது. மெய்யாகவே பிள்ளை மருந்து வாடை.

வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டது எனக்கு இது முதல் தரமில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். சங்கு பிடித்த கையை நான் எட்டிப் பிடித்ததில் பாதி என் கோட்டுக் கையில் கொட்டியது.

"சொட்டுலே. ஆறே சொட்டு. நான் தப்பா எழுதிட்டேன்."

அந்தோணி சங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் கால் நிற்கிற இடத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்க உள்ள வந்துட்டீக" என்றான்.

"அது கெடக்கட்டும். அதுல போட்டிருந்தது டேஷ். டேஷ்னா ஆறு சொட்டாம்."

"டேஷா? கசப்பு ஜின்னுக்குத் தெனம் நான் உதறி விடுதேனே, அதா? அந்தப் பேர அப்படியே சொல்லிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

மானேஜர் நீ யார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், புத்தகக் கடை ஆள், தப்பு புத்தகத்தில் இல்லை, இவனிடமும் இல்லை, என் எழுத்தில் இருக்கிறது என்றேன். அவர் என் வெள்ளைக் கோட்டையும் அதில் வழிந்த பச்சையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் அந்தோணிக்குச் சைகை காட்டினார்.

அந்தோணி சங்கைக் கீழே வைத்துவிட்டு பாட்டிலையே எடுத்தான். கழுத்தில் கட்டைவிரலை வைத்து ஒரே உதறு உதறினான். குலுக்கி ஊற்றி நகர்த்தினான். மானேஜர் ஒரு வாய் குடித்தார். வைத்தார். மறுபடி எடுத்துக் குடித்தார். ஐந்தாவதைக் கேட்டார். ஆறாவதைப் பாதி குடித்துவிட்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளி, புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவன் நீதானே, எப்படியிருக்கிறதென்று நீயே சொல் என்றார்.

நான் சொன்னது இதுதான். "ஐயா, நான் மூன்று வாக்குக் கொடுத்தவன். கையில் பட்டதும் கால் மிதித்ததுமாக இரண்டு இப்போதுதான் போயிற்று. ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும்."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்தோணியிடம், பெண்சாதிக்குக் கடிதம் எழுது என்றார்.

6

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பாட்டுப் பாடி முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். போதகர் அட்டையை என் கையில் கொடுத்தார். கையில் கொட்டினது தவறிப் பட்டதுதானே என்று முதல் வரி வாசித்தேன், திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவது வாசித்தேன், சொன்னார்கள். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தேன். என் கோட்டுக் கையிலிருந்து சோம்பு வாடை எனக்கே வந்தது.

அட்டையை மடித்துவிட்டு, நான் இப்போது அந்த வாசலை மிதித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரோ ஒருவர் ஆபத்துக்குத்தானே போனீர்கள் என்றுகூடச் சொன்னார். எனக்கு நிறுத்த வரவில்லை. அந்தக் கள்ளுக்கடைச் சமாசாரத்தையும் சொன்னேன். உங்களுக்கு எழுதுவதும் அதுதான்.

எங்கய்யா இராஜபாளையத்திலிருந்து பருத்திப் பொதி வண்டி ஓட்டினார். ரோட்டோரத்தில் ஓலை வேலிக்குள்ளே அந்தக் கள்ளுக்கடை. மாடுகள் தாமாகவே அங்கே நின்றுவிடும். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கையெழுத்துப் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மை அனுப்பி நான் போய் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். உள்ள வந்து கூட்டிட்டுப் போலே என்றார். வாக்குக் குடுத்திருக்கேன், வரமாட்டேன் என்றேன். இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. "கால் வரமாட்டேங்குதுலே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொரு தரம் சொன்னார். குடித்த வாய்ப் பேச்சு என்று நினைத்தேன். பொழுது சாய்கிறவரை நின்றேன். கடைசியில் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கவாதம் என்று மிஷன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினேழு நாள் கிடந்தார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அடக்கத்துக்கு அந்தக் கள்ளுக்கடைக்காரர் வந்து ஓரமாய் நின்றார். அன்னைக்கு அவரு கலயத்துல பாதிகூடக் குடிக்கல தம்பி, வரும்போதே காலை இழுத்துக்கிட்டுத்தான் வந்தாரு என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் என்னை எழுப்பி நிற்க வைத்து வாலிபர்களுக்கு உதாரணம் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்றார்கள்.

இதைச் சொல்லி முடித்தேன். போதகர் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார். எலுமிச்சம்பழப் பானத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை, நாங்களே கொண்டுபோய்க் கையில் கொடுத்தோம். வீட்டுக்கு நடந்து வரும்போது ரெபேக்காள் காலி ஜாடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பொறவு, "எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள். கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படிப் பிடித்து ரொம்ப வருஷமாகிறது.

7

மற்றவை சின்ன விஷயங்கள். திங்கட்கிழமை நான் கடையில் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, 'தொழில் செய்கிறவர்களும் பச்சைப் புத்தகத்தை முதலில் வாசிக்கவும்' என்று வேறு எழுதி வைத்தேன். சின்னத் துரை முகத்தைச் சுளித்தார். இப்போது இரண்டையும் சேர்த்தே வாங்கிப் போகிறார்கள். அந்தோணியின் பெண்சாதி குழந்தையோடு வந்து சேர்ந்துவிட்டாள். பித்தளைச் சங்கில் ஆறு மாதத்துக்குமேல் சோம்பு வாடை போகவில்லையாம். குழந்தை அதற்குள் தம்ளரில் குடிக்கப் பழகிவிட்டது.

இந்த வருஷம் வேறு ஒருவர் முன்னால் நின்று வாசித்தார். மூன்று வரியும் அப்படியே இருக்கிறது. சபை வைத்திருக்கட்டும், நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. முதல் இரண்டு வரியை எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். மூன்றாவது வரி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். என் அட்டையில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சபையாரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுதல். அந்தக் கதையைச் சொல்லவேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சொல்லும்போது முழுசாகச் சொல்லுங்கள். அவர் கால் வரமாட்டேங்குது என்று இரண்டு தரம் சொன்னார். மகன் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றான். இரண்டு தரமும் அவனுக்குக் கேட்டது.